கவிழ்த்து வைத்த தேக்கிலை

மேகங்கள் இறங்கி வந்து மரங்களுக்கு நடுவே கண்ணயரும் ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, கருங்குழலி என்றொரு கரடி வாழ்ந்துவந்தாள். அந்தக் காட்டுக்கு அவள்தான் வைத்தியர்.

அவளுடைய குகை ஓர் அருவியின் பக்கத்தில் இருந்தது. அருவிச் சாரல் புகைபோல் எழுந்து குகை வாசலில் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் நுழைகிறவர்களுக்கு, நடந்து போகிறோமா, கனவில் போகிறோமா என்று ஒரு கணம் ஐயம் வந்துவிடும். குகையின் பின்பக்கம் இன்னொரு வாசல் உண்டு. அது வெயில் விழும் ஒரு பெரிய பாறையில் போய்த் திறக்கும். அந்தப் பாறையில் இருந்த குழிகளில்தான் கருங்குழலி மருந்து ஊறவைப்பாள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி ஒருவர் வந்தால் அவர் சொல்வதை முழுக்கக் கேட்பாள். பிறகு எழுந்து போய் வேரைத் தோண்டி எடுத்து வருவாள். அதைக் கல்லில் நசுக்கி, குழி நீரில் ஊறவைத்து, பாசியில் வடிகட்டி, தன் கையாலேயே புகட்டுவாள். அவர் குடித்து முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்து அடுத்தவரைப் பார்ப்பாள்.

அவள் கைபட்டால் நோய் ஓடிவிடும் என்று காடே சொல்லிற்று. ஆனால் அவள் கை தங்கள்மேல் படும் நாள் எப்போது வரும் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருமுறை யானையொன்று மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வந்தது. அந்த வேர் மூன்று நாள் ஊற வேண்டும். மூன்று நாளும் யானை வாசலில் நின்றது. யானைக்குப் பின்னால் காலில் முள் தைத்த முயல் நின்றது. முயலுக்குப் பின்னால் குளம்பு வெடித்த கேளையாடு என்ற சிறு மான். அதற்குப் பின்னால் ஆமை. அதன் பின்னாலும் வரிசை நீண்டு சாரலுக்குள் மறைந்து போயிற்று. நின்றபடியே பலர் தூங்கினார்கள். ஆமையின் ஓட்டில் பச்சையாகப் பாசி படிந்தது. வரிசையின் கடைசியில் நின்ற நத்தை, தான் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டு, மறந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே நின்றது.

முள்ளை எடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்காக முயல் மூன்று நாள் நின்றதில் அதன் கால் வீங்கிவிட்டது.

கருங்குழலிக்கு இது தெரியாமல் இல்லை. குழிக்கும் வாசலுக்கும் அவள் ஓடினாள். இரவும் பகலும் கண் மூடவில்லை. ஆனாலும் அவள் ஒருத்திதானே? வேர் ஊறுகிறவரை அவளும் குழியருகே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை விட்டுவிட்டு இன்னொருவரைக் கவனிப்பது, முதலில் வந்தவருக்குச் செய்யும் துரோகம் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் கேளையாட்டுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அது வரிசையை விட்டு விலகி வந்து, பணிவாகவே கேட்டது.

"குழலியக்கா, நான் இங்கே நிற்பதால் வேர் சீக்கிரம் ஊறுமா?"

கருங்குழலி யோசித்துப் பார்த்தாள். "ஊறாது," என்றாள்.

"அப்படியென்றால் நான் வீட்டில் படுத்திருந்தாலும் அது ஊறும், இல்லையா?"

கரடி தலையைத் திருப்பினாள். சாரலுக்குள் தெரிந்த அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தாள். அவர்கள் சொல்வதைக் கேட்க அவளுக்குக் காது வேண்டும். மருந்து செய்யக் கை வேண்டும். காதின் வேலை கண நேரத்தில் முடிந்துவிடும், கையின் வேலைதான் நாள்கணக்கில் ஆகும். கையின் வேலை முடியட்டும் என்று காதையும் அல்லவா இத்தனை காலம் அடைத்து வைத்திருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றே அவள் ஒரு காரியம் செய்தாள். தேக்கிலையை நகத்தால் கீறினால் கீறிய இடம் சிவந்து தெரியும். முயலின் முள்ளை அங்கேயே பிடுங்கிவிட்டு, அதன் வீக்கத்துக்கு மருந்து செய்ய ஒரு தேக்கிலை எடுத்து, இரண்டு நீளக் காதும் ஒரு வீங்கிய காலும் கீறினாள். கேளையாட்டுக்கு இன்னொரு இலையில் பிளந்த குளம்பு கீறினாள். குகையின் சுவரோரமாக முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரு முட்கொடி ஓடியிருந்தது. அதன் முட்களில் இலைகளை வந்த வரிசைப்படி குத்திவைத்தாள்.

பிறகு எல்லாரிடமும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். மருந்து அவரவர் இருக்கும் இடம் தேடி வரும் என்று வாக்குக் கொடுத்தாள்.

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சாரலுக்குள் கரைந்து போனார்கள். நத்தை மட்டும் இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

கொடி நிறைய இலைகள் சேர்ந்துவிட்டதால், அவற்றை எடுத்து வேலை செய்யக் கருங்குழலிக்குத் துணை தேவைப்பட்டது. ஈட்டியான் என்ற முள்ளம்பன்றி யாரும் அழைக்காமலே வந்தான். அவன் அதிகம் பேச மாட்டான். ஓர் இலையை எடுத்தால் அது முடிகிறவரை இன்னொன்றைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அடுத்து வாலழகன் என்ற கருமந்தி வந்தான். அவன் கை மின்னல்போல் வேலை செய்யும். தான் வேலை செய்வதை நாலு பேர் பார்த்தால் அந்தக் கைக்கு இன்னும் வேகம் கூடும்.

எந்த நோய்க்கு எந்த வேர், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதையெல்லாம் கருங்குழலி இருவருக்கும் காட்டிக் கொடுத்தாள். முன்வாசலில் அவள் உட்கார்ந்து நோயைக் கேட்டு இலை குத்துவாள். பின்வாசலில் அவர்கள் இலையை எடுத்து, மருந்து செய்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். முதல் முள்ளில் இருக்கும் இலையிலிருந்து தொடங்கி வரிசையாக எடுக்க வேண்டும். அவள் போட்ட விதி அது ஒன்றுதான்.

காடு அமைதியாயிற்று. நோயுற்றவர்கள் தங்கள் புற்றிலும் பொந்திலும் படுத்திருந்தார்கள். மூங்கில் இலைகளில் காற்று போய்வருவதைக் கேட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடந்தார்கள். யாரோ மெல்ல வந்து நிற்பதும், வாயோரத்தில் கசப்பும் தேனும் படுவதும், பிறகு வலி தூரத்து மேகம்போல் நகர்ந்து போவதும் அவர்களுக்குக் கனவில் நடப்பது போலவே இருந்தன. விழித்துப் பார்க்கும்போது மருந்து சுற்றி வந்த வாழையிலை மட்டும் பக்கத்தில் கிடக்கும்.

ஆனால் கருங்குழலியின் மனத்தில் ஒரு சிறு கவலை மட்டும் போகவில்லை. மாலையில் வெளிச்சம் மங்கும் நேரம் அவள் கொடியருகே வந்து நிற்பாள். அதில் இலைகள் அசைந்துகொண்டிருந்தால் அவள் புருவம் சுருங்கும். ஒவ்வோர் இலையும் எங்கோ முனகிக்கொண்டிருக்கும் ஓர் உயிரல்லவா?

வாலழகன் இதைக் கவனித்துவிட்டான். ஒருநாள் மாலை தற்செயலாகக் கொடியில் ஓர் இலைகூட இல்லை. கருங்குழலியின் முகம் மலர்ந்தது. வாலழகனின் தோளைத் தட்டிக்கொடுத்து, கொடி இப்படி வெறுமையாக இருப்பதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அந்தச் சொல் அவன் காதில் தேனாக இறங்கிற்று.

மறுநாளிலிருந்து அவன் ஒரு தந்திரம் செய்தான். வந்ததும் வராததுமாகக் கொடியிலிருந்த எல்லா இலைகளையும் ஒரே வீச்சில் பறித்தான். பாறைக்கு மேலே இருந்த பலாமரப் பொந்தில் அவற்றைப் போட்டுவைத்தான். பிறகு பொந்தில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்தான்.

அவன் சோம்பேறி இல்லை, குழந்தைகளே. பறித்த இலைகளுக்கெல்லாம் அன்றைக்கோ மறுநாளோ மருந்து செய்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். மாலையில் கருங்குழலி வந்து பார்ப்பாள். கொடி வெறுமையாக இருக்கும். அவள் மகிழ்வாள், அவன் வாலைச் சுழற்றிக்கொள்வான். ஈட்டியானோ எடுப்பதற்கு இலை இல்லாமல் பாறையோரத்தில் சுருண்டு படுத்துக் கிடப்பான். அவனுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறதே என்று கருங்குழலி அதற்கும் சேர்த்து மகிழ்ந்தாள்.

இப்படி நாள்கள் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் மெல்லியன் வந்தான்.

மெல்லியன் ஒரு தேவாங்கு. சருகுமேல் நடந்தாலும் சத்தம் வராது. யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். உடம்பு ஒரு கைப்பிடிதான், அதில் பாதி கண். அந்தக் கண்கள் இரண்டிலும் அன்று வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. காடெல்லாம் மேகம் புகுந்துவிட்டது போலத் தெரிகிறது என்றான். அப்படித் தெரிவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றும் சொன்னான்.

கருங்குழலி அவன் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். அந்தப் படலம் மூன்று பகலுக்குள் கரைய வேண்டும். தாண்டினால் கெட்டிப்படத் தொடங்கும், கெட்டிப்பட்ட பிறகு எந்த மருந்துக்கும் அசையாது. நந்தியாவட்டைப் பூவைத் தேனில் ஊறவைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

அவள் தேக்கிலையில் இரண்டு பெரிய வட்டங்கள் கீறினாள். மற்ற இலைகளுக்கெல்லாம் முன்னால், முதல் முள்ளில் அதைக் குத்தினாள்.

"போய் உன் கிளையில் இரு, மெல்லியா. மருந்து இன்றைக்கே வரும்."

"சரி, அக்கா," என்று சொல்லிவிட்டு அவன் கிளைகளைத் தடவித் தடவிப் போனான்.

சற்று நேரத்தில் வாலழகன் பின்வாசல் வழியாக வந்தான். கொடியில் பதினொரு இலைகள் இருந்தன. வழக்கம்போல் அத்தனையையும் பறித்துப் பொந்துக்குள் போட்டான். முதலில் பறித்த இலை பொந்தின் அடியில் போயிற்று. அதன்மேல் மற்றப் பத்தும் விழுந்தன.

மேலே கிடந்த இலையை எடுத்துப் பார்த்தான். அதற்குப் பாசி வேண்டியிருந்தது. நல்ல பாசி உயரத்துக் கிளைகளில்தான் கிடைக்கும். முந்தின நாள் பெய்த மழையில் அந்தக் கிளைகள் ஊறிப்போயிருந்தன. அவன் தாவிப் பிடித்த கிளை சத்தமே இல்லாமல் முறிந்தது.

சரிவில் வெகுதூரம் உருண்டுபோய் ஒரு புதருக்குள் விழுந்தான். வலக்கை தோளிலிருந்து பிசகிவிட்டது. மெல்ல நகர்ந்து அருகிலிருந்த மரத்தின் கவட்டில் ஏறிப் படுத்துக்கொண்டான். வலியைவிட வெட்கம் அவனை அதிகமாகத் தின்றது. மரக்கிளையிலிருந்து விழுந்த குரங்கு என்று காடெல்லாம் பேசுமே என்று நினைத்து, வாயைத் திறக்காமல் கிடந்தான். நாளைக்குக் கை சரியாகிவிடும், போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டான்.

குகையில் கருங்குழலி மாலையில் கொடியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. மெல்லியனுக்கு மருந்து போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். மறுநாள் அவள் குத்திய இலைகளை ஈட்டியான் ஒவ்வொன்றாக எடுத்து முடித்தான். மாலையில் மறுபடி வெறுங்கொடி. வாலழகன் எங்கே என்று ஈட்டியானைக் கேட்டாள். தெரியாது என்றான். பலா பழுக்கும் காலமாயிற்றே, எங்காவது தின்றுவிட்டுப் படுத்திருப்பான் என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். கொடிதான் காலியாக இருக்கிறதே, பிறகென்ன?

நான்காம் நாள் காலை தேன் எடுப்பதற்காக அவள் மலைமுகட்டுக்குப் போனாள். வழியில் ஒரு நாவல் மரம். மேகம் அதன் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. கிளையில் ஒரு சிறிய உருவம் குகையிருந்த திசையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

தேவாங்குகள் பகலில் சுருண்டு தூங்குகிறவை. பகலில் விழித்திருக்கும் தேவாங்கை அவள் அதுவரை கண்டதில்லை.

"மெல்லியா, தூங்கவில்லையா?"

"தூங்கிவிட்டால் மருந்து கொண்டுவருகிறவர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடுமோ என்றுதான், அக்கா."

கருங்குழலி நாவல் மரத்தடிக்கு வந்தாள்.

"இன்னும் வரவில்லையா?"

"வரும், அக்கா. நீங்கள் சொன்னீர்களே."

மரத்தில் ஏறி அவனைத் தன் முதுகில் இருத்திக்கொண்டாள். தேனை மறந்தாள், முகட்டை மறந்தாள். வந்த வழியே இறங்கி ஓடினாள். அவளுடைய நீண்ட மயிரைப் பிடித்துக்கொண்டு மெல்லியன் முதுகிலேயே தூங்கிப்போனான். நாலு நாள் தூக்கம் அது.

குகையில் இருந்த பழைய தேனில் நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்தாள். பொழுதுக்கு ஒருமுறை இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். மூன்று நாள் அவள் அவனை விட்டு நகரவில்லை. வலக்கண்ணில் படலம் மெல்ல விலகி, உள்ளிருந்து பழுப்பு மணி பளிச்சென்று தெரிந்தது. இடக்கண்ணில் அது விலகவில்லை. கெட்டிப்பட்டுவிட்டது.

அவள் அவனிடம் உண்மையைச் சொன்னாள். ஒரு கண் திரும்பி வந்துவிட்டது, மற்றது இனி வராது என்றாள். மெல்லியன் வலக்கண்ணை மூடிப் பார்த்தான், திறந்து பார்த்தான். பிறகு கோபம் கொஞ்சமும் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் மட்டும் கேட்டான்.

"என் இலை என்ன ஆயிற்று, அக்கா?"

கருங்குழலி கொடியைத் திரும்பிப் பார்த்தாள். அவளே குத்திய இலை. கொடியில் இல்லை. அதற்கான மருந்தும் போகவில்லை. நடுவில் அது எங்கே இருந்தது? வைத்தியம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தச் சின்னக் கேள்விக்கு முன்னால் தலை குனிந்தாள்.

அவள் வாலழகனைத் தேடிப் புறப்பட்டாள். முறிந்த கிளையும் சரிவில் நசுங்கிய புல்லும் வழி காட்டின. மரக்கவட்டில் அவன் மெலிந்து கிடந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அழுதுகொண்டே பொந்தைப் பற்றிச் சொன்னான்.

"அக்கா, நான் விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்திருப்பேன்."

"விழுந்தது உன் குற்றம் இல்லை, தம்பி. கிளை என்றால் முறியத்தான் செய்யும்," என்றாள் கருங்குழலி. "இலை கொடியிலேயே இருந்திருந்தால் ஈட்டியான் கண்ணில் பட்டிருக்கும். உன் பொந்தில் கிடந்தது யார் கண்ணில் படும்?"

அவன் இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வெறுங்கொடியைப் பார்த்து மகிழ்ந்து உன்னைத் தட்டிக்கொடுத்தவள் நான்," என்று அவள் மெல்லச் சொன்னாள். "அதனால் இதில் எனக்கும் பங்கு உண்டு."

அவன் தோளைத் திருகிச் சரியான இடத்தில் பொருத்தினாள். பொந்திலிருந்து பதினொரு இலைகளையும் எடுத்து வந்தாள். ஈட்டியானும் அவளும் மற்றப் பத்துப் பேருக்கும் உட்கார்ந்து மருந்து செய்தார்கள். ஒருவர் ஒருவராகத் தேடிப்போய்க் கொடுத்தார்கள். வட்டம் கீறிய இலையைக் கடைசியில் கருங்குழலியே எடுத்துப்போய் மெல்லியன் கையில் கொடுத்தாள். அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அன்றைக்குப் பிறகு குகையில் புது விதி வந்தது.

வேலையை எடுக்கிறவர் இலையைப் பறிக்கக் கூடாது. அதே முள்ளில் கவிழ்த்து மட்டும் வைக்க வேண்டும். நிமிர்ந்த இலை என்றால் இன்னும் யாரும் தொடாத வேலை. கவிழ்ந்த இலை என்றால் யாரோ செய்துகொண்டிருக்கும் வேலை. மருந்து உரியவர் வாயில் போய்ச் சேர்ந்த பிறகு, திரும்பி வந்துதான் இலையைப் பறிக்கலாம். ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் இலையைத்தான் கவிழ்க்கலாம்.

குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் கீழே ஒரு கல் குழியில் விழுந்துகொண்டிருந்தது. யாராவது இலையைக் கவிழ்த்தால் அதன் நேர்கீழே ஒரு கூழாங்கல்லையும் வைத்துவிட வேண்டும். குழி நிரம்பி வழியும்போதெல்லாம் அங்கே இருப்பவர் அதை இறைத்துவிட்டு, கவிழ்ந்த ஒவ்வோர் இலையின் கீழும் இன்னொரு கல் சேர்க்க வேண்டும். குழி இரண்டு தடவை நிரம்பி வழிந்த பிறகும் ஓர் இலை கவிழ்ந்தபடியே இருந்தால், எடுத்தவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பொருள். அதை மற்றவர் நிமிர்த்திவிட்டுத் தானே அந்த வேலையைச் செய்யலாம்.

வாலழகனுக்கு இது பிடிக்கவில்லை. கொடி எந்நேரமும் பாரமாகத் தெரியும், வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முணுமுணுத்தான்.

"இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்று நினைப்பார்கள்," என்றாள் கருங்குழலி. "இருக்கத்தானே செய்கிறது?"

ஈட்டியான் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். தாமதமாகிறவருக்கு ஒன்றும் ஆகாமல், வெறுமனே வழியில் தங்கிவிட்டிருந்தால்? அவரும் மருந்தோடு போவார், இலையை நிமிர்த்தியவரும் போவார். ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை மருந்து விழுமே, சில வேர்கள் இரட்டிப்பாக உள்ளே போனால் நஞ்சாயிற்றே என்றான்.

நல்ல கேள்வி என்று கருங்குழலி ஒப்புக்கொண்டாள். மருந்து புகட்டியவுடன் நோயாளியின் நெற்றியில் காட்டு மஞ்சளால் ஒரு கீற்று இட வேண்டும் என்றும், புகட்டுவதற்கு முன் நெற்றியைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். கீற்று இருந்தால் மருந்தோடு திரும்பிவிட வேண்டும்.

மழைக்காலம் வந்தது. வாலழகனின் தோளும் தேறிவிட்டது. ஒருநாள் வரையாடொன்று முகட்டிலிருந்து ஓடிவந்தது. தன் குட்டிக்குக் குளிர் கண்டு மூச்சு இழுக்கிறது, அதைத் தூக்கி வரவும் முடியவில்லை என்று சொன்னது. கருங்குழலி இலையில் வளைந்த இரண்டு கொம்புகளும் ஒரு சிறு உருவமும் கீறி முதல் முள்ளில் குத்தினாள். ஆட்டைக் குட்டியிடம் திரும்பிப் போகச் சொன்னாள்.

ஈட்டியான் இலையைக் கவிழ்த்தான். கூழாங்கல் வைத்தான். அந்த வேர் ஓடைக்கு அக்கரையில் விளைவது. அவன் கடந்து போன கொஞ்ச நேரத்தில் மலைமேல் மழை கொட்டிற்று. ஓடை செந்நிறமாகப் பொங்கி, பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. ஈட்டியான் வேரோடு அக்கரையில் மாட்டிக்கொண்டான். கூப்பிட்டால் வெள்ளத்தின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

குகையில் வாலழகன் பாம்பின் வீக்கத்துக்கு மருந்து அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கல் குழி இரண்டாம் தடவையாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கொடியைப் பார்த்தான். முதல் முள்ளில் ஓர் இலை இன்னும் கவிழ்ந்தே இருந்தது. கீழே இரண்டு கூழாங்கற்கள் இருந்தன. ஈட்டியானைக் காணவில்லை.

அவன் இலையை நிமிர்த்திப் பார்த்தான். வளைந்த கொம்புகளும் சிறு உருவமும் சிவப்பாகத் தெரிந்தன. இலையைத் திரும்பக் கவிழ்த்து, தன் கணக்குக்குக் கீழே ஒரே ஒரு கல்லை மட்டும் விட்டுவைத்தான். பச்சை வேர் அளவுக்கு வீரியம் இல்லாவிட்டாலும், சென்ற வாரம் எடுத்துக் காயவைத்திருந்த வேரில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதை நசுக்கி, குழி நீரில் ஊறவைத்து, வாழையிலையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

முகடுவரை அவன் ஒரு கிளைகூடத் தாவவில்லை. ஒவ்வொரு கிளையையும் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான். பார்க்க ஆளில்லாத அந்த மேகத்துக்குள், அவன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவன் போனதே இல்லை.

குட்டி ஒரு பாறை இடுக்கில் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு நூல்போல் இழைந்துகொண்டிருந்தது. வாலழகன் அதன் நெற்றியைப் பார்த்தான். கீற்று இல்லை. சொட்டுச் சொட்டாகப் புகட்டினான். மஞ்சளால் ஒரு கீற்று இட்டான். பொழுது மேகத்துக்குப் பின்னால் சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். மூச்சு மெல்ல மெல்லச் சீராயிற்று. குட்டி ஒருமுறை தும்மிவிட்டுத் தூங்கிப்போனது. தாய் ஆடு அவன் கையை நக்கிக்கொடுத்தது.

வெள்ளம் வடிந்ததும் ஈட்டியான் அக்கரையிலிருந்து குகைக்கு வராமல் நேரே முகட்டுக்கு ஏறினான். வழியிலேயே வேரை நசுக்கி ஊறவைத்து எடுத்துக்கொண்டிருந்தான். முள்ளெல்லாம் சேறு. பாறை இடுக்கை எட்டிப் பார்த்தபோது குட்டியின் நெற்றியில் மஞ்சள் கீற்று தெரிந்தது. அவன் குட்டியின் தூக்கத்தைக் கலைக்காமல், வந்த சுவடு தெரியாமல் திரும்பி நடந்தான்.

இறக்கத்தில், மேகம் கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில், முன்னால் வாலழகன் போவது தெரிந்தது. ஈட்டியான் எட்டி நடந்து அவனோடு சேர்ந்துகொண்டான்.

"கொடுத்துவிட்டாயா?"

"கொடுத்தாயிற்று. தூங்குகிறது."

"இலை?"

"கொடியில்தான் இருக்கிறது," என்றான் வாலழகன். "இனிமேல் போய்த்தான் பறிக்க வேண்டும்."

இருவரும் சேர்ந்து மேகத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

இக்கதை தரும் நீதி: கையில் எடுத்த வேலை முடிந்த வேலை ஆகாது, உரியவரைச் சென்று சேர்ந்த பிறகே அதன் அடையாளத்தை அழிக்க வேண்டும்.